நாவலூர்ப் பாசறையும் கபிலக்கல்லும்

திருநாவலூர் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது, தெருவில் சிறுதேர் உருட்டும் குழந்தைச் சுந்தரரும் அவரைக் கண்டு மகிழும் நரசிங்க முனையரையரும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தீட்டிய அழியாச் சித்திரம் அது. சுந்தரர் காலத்துக்கு மூன்று நூற்றாண்டுக்கு மேல் பிந்தியது. ஆனால் இவ்வூர்க் கோயிலின் கற்கள் பேசுவது வேறு கதை. சோழ மன்னன் முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் இக்கோயிலைக் கற்றளியாக்கினான். ஊருக்கு இராசாதித்தபுரம் என்ற பெயரும் வழங்கியது. அவனுடைய பரிவாரத்தாரும், அவன் தாய் கோக்கிழானடிகளின் பரிவாரத்தாரும், மலையாள நாட்டுச் சேவகரும் இங்கே நந்தா விளக்குக்குக் கொடை தந்தனர். தொல்லிடத்தில் கற்பனைக்கு இடமே கூடாது என்னும் ஆய்வாளரைக் கேட்கிறேன்: கற்பனையை விலக்கிவிட்டால் இக்கல்வெட்டுகள் வெறும் ஆட்டுக் கணக்கும் விளக்குக் கணக்கும்தானே? சேர நாட்டு வீரனுக்குத் இவ்வூர் அடங்கிய திருமுனைப்பாடியில் என்ன வேலை என்று வியந்தவர்தாம் இங்கொரு சோழர் வடஎல்லைப் பாசறை இருந்ததென ஊகித்தார்கள். அவ்வூகம் வீண்போகவில்லை. பெண்ணைக்கரைக் கிராமம் என்னும் ஊரில், 943இல், இராசாதித்தனின் படைத்தலைவனான கேரளத்து வெள்ளன் குமரன் சிவன் கோயில் எடுப்பித்தான். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனின் படையை எதிர்த்து இராசாதித்தன் யானைமேல் மாண்டான். அவனைக் கொன்றவன் கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்கன் பூதுகன் என்கிறது ஆதகூர்க் கல்வெட்டு; கிருஷ்ணனின் அம்பு என்கிறது சோழரின் லெய்டன் செப்பேடு. வென்றவர் தரப்பும் தோற்றவர் தரப்பும் ஒரே சாவை இருவகையாகச் சொல்கின்றன. ஆகவே, கல்லில் இருப்பதெல்லாம் கற்பனை கலவாதது என்று நம்புவதும் பேதைமை.

நாவலூர் இருக்கும் இதே மாவட்டத்துத் திருக்கோவலூர் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். வள்ளல் பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுச் சங்கப் புலவர் கபிலர் தீப்புகுந்த இடம் பெண்ணையாற்றிலுள்ள கபிலக்கல் என்று வீரட்டானத்து இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. அவர் வடக்கிருந்து உயிர்நீத்தார் என்பது மற்றொரு வழக்கு. கபிலருக்குப் பல நூற்றாண்டு பிந்திய அக்கல்வெட்டு, அவர் இறந்த விதத்துக்குச் சான்றாகாது. இராசராசன் காலத்தார் ஒரு பாறையைப் பார்த்துச் சங்கப் புலவரை நினைந்தனர் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. பழைய கற்பனையும் காலம் செல்லச் செல்ல ஆவணமாகிவிடுகிறது. எந்தக் காலத்துக்கு ஆவணம் என்பதை அறிந்து பயன்படுத்துவதே ஆய்வு.

‘நம்பி வணங்க வருபவனுக்கு இந்தப் பாகுபாடு எதற்கு?’ எனக் கேட்கலாம். வணங்குவதற்கு வேண்டாம். ஆனால் அவனே ஊர் திரும்பி வரலாறு எழுதும்போது வேண்டும். வீரநாராயண ஏரியை இராசாதித்தன் படைவீரர் வெட்டினர் என்ற செய்தி, கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வழியே வீடுதோறும் சென்றது. இன்று பலர் அதைக் கல்வெட்டுச் செய்தியாகவே எடுத்தாள்கின்றனர். பிழை கல்கியுடையதன்று. அவர் நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். வரலாறாக வாசித்தவர்கள் நாம்.

நாவலூர்க் கோயிலுக்கு விளக்கப் பலகை வைக்க முன்வருவோரிடம் ஒரு வேண்டுகோள்: கல்வெட்டு கூறுவதையும் புராணம் பாடுவதையும் நாம் ஊகிப்பதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். மூன்றையும் எழுதுங்கள், எது எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்திலேயே பொறித்துவிடுங்கள்.