படைத்தலைவர் குமாரமங்கலம்
(லைட்ஹவுஸ் குப்பத்தில் ஆற்றிய உரை)



'லைட்ஹவுஸ் குப்பம்' என அயன்மொழியால் வழங்கும் இக் கலங்கரைவிளக்கக் குப்பத்தில், தமிழ்நாடு ஈன்ற படைத்தலைவர் ஒருவரைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். பழவேற்காட்டில் 1613-இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டினர், வெடிமருந்தும் செய்தனர். அயலவர் படைவலியைக் கண்ணாரக் கண்ட மண் இது. இங்கு நம்மவர் ஒருவரின் படைவாழ்வை நினைவுகூர்தல் சாலப் பொருந்தும்.

அவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். 1913-இல் பிறந்தவர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் அவர்தம் குடும்பத்தூர். தந்தையார் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாநில முதலமைச்சராய் இருந்தவர். தம்பி மோகனும் தங்கை பார்வதியும் பொதுவுடைமைக் கொடியேந்தினர். தமையனோ படைக்கலம் ஏந்தினார்.

இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் ஊல்விச்சுப் படைக்கல்விக் கழகத்திலும் பயின்று, 1933-இல் பீரங்கிப் படை அலுவலரானார். இரண்டாம் உலகப் போரில், 1942-இல், வட ஆப்பிரிக்கப் பாலைவெளியில் காட்டிய மறத்திற்காக உயர்விருது பெற்றார். அவ்வாண்டே இத்தாலியரிடம் சிறைப்பட்டார். 1943-இல் தப்பினார், மீண்டும் செருமானியர் கையில் அகப்பட்டார். போர் முடிந்தபின் தாயகம் மீண்டார். சிறை அவர் உளத்தை ஒடிக்கவில்லை. 1966 முதல் 1969 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாய் விளங்கினார். 1967-இல் நாதுலாவிலும் சோலாவிலும் சீனரை நம் படை எதிர்த்து நின்றது அவர் தலைமைக் காலத்திலேயாம். 2000-இல் மறைந்தார்.

அன்பர்களே! இவ்வாழ்வைப் போற்றுவோம். ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர் ஏறிய ஏணி ஈட்டனில் ஊன்றப்பட்டிருந்தது. இக்குப்பத்துப் பிள்ளைக்கு அவ்வேணி ஏது?

என்னிடம் பயின்ற மீனவச் சிறுவன் ஒருவன், அலைக்கு அஞ்சாதவன், காற்றின் போக்கைக் கண்ணால் அளப்பவன், ஒருநாள் கேட்டான்: "ஐயா, படை அலுவலர் தேர்வைத் தமிழில் எழுதலாமா?" நான் வாய் திறவாது நின்றேன். தேசியப் படைக் கல்விக்கழக நுழைவுத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அமைகின்றது.

நடுவணரசின் படைக்கலக் காவற்படைகளில் காவலர் தேர்வு 2024 முதல் தமிழிலும் நடைபெறுகின்றது. மகிழ்ச்சியே! ஆனால், ஏவல் கேட்பவனைத் தேரத் தமிழ் போதும். ஏவுபவனைத் தேர மட்டும் போதாதோ? அறிவுக்கும் ஆண்மைக்கும் மொழி வேலியாகலாமா?

பெற்றோர்களே! அமராவதிநகரில் 1962 முதல் படைப்பள்ளி உள்ளது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டுங்கள். மாணவர்களே! ஆங்கிலத்தைக் கருவியாகக் கற்றுக்கொள்ளுங்கள், அது இழிவன்று. ஆனால் அச்சிறுவன் கேட்ட கேள்வியைக் கைவிடாதீர்கள். அதற்கு 'எழுதலாம்' என்று விடை கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.