ராத்திரி முழுக்க ஓடும் கேள்வி



தஞ்சாவூர்ப் பக்கம் மனம் சோர்ந்தவர்களிடம் எல்லோரும் சொல்வது, "மனசுல போட்டு உழப்பிக்காதே." நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். எப்படி நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

இந்த உழப்பலை அசைபோடுதல் என்கிறது உளவியல். மாடு அசைபோட்டால் தீனி செரிக்கும். மனம் அசைபோட்டால் எதுவும் செரிப்பதில்லை. 1989இல் கலிஃபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன் ஹோக்ஸிமா மாணவர்களின் மனநிலையைக் கேட்டுப் பதிந்திருந்தார். சோர்வையே திரும்பத் திரும்ப நினைக்கும் பழக்கமுள்ளவர்கள்தான் பின்னர் அதிக மனச்சோர்வில் இருந்தார்கள்.

நமக்கு நிலநடுக்கம் தினமும் வருகிறது. டீக்கடையிலோ வகுப்பறையிலோ ஓர் அவமானம். ராத்திரி முழுக்க, "என்னை ஏன் அப்படிச் சொன்னான்? நான் அவ்வளவு மட்டமா?" சொன்னவன் நிம்மதியாகத் தூங்குகிறான். விசாரணை நம் மீது நடக்கிறது.

பிரிட்டனில் எட் வாட்கின்ஸ் உருவாக்கிய சிகிச்சை, அந்த 'ஏன் எனக்கு' என்பதை 'என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம்' என்று மாற்றப் பழக்குகிறது. கோவாவில் விக்ரம் பட்டேல் குழு, மருத்துவர் அல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசனை வழங்கியது. நின்றுபோன வேலைகளை, உறவுகளைச் சிறிது சிறிதாக மீட்பதுதான் அதன் வழி. மூன்று மாதத்தில் 64 சதவீதம் பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். 2017இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது.

ஆனால் "சாதியை நினைக்காதே, சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் அது சிகிச்சை இல்லை. 1968 டிசம்பர் 25, கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. ஆண்டுதோறும் அங்கே கூடுகிறோமே, அது அசைபோடுதலா? இல்லை. கூலி கேட்டவர்களை எரித்தது யார், தப்பவிட்டது யார் என்று அங்கே ஊர்கூடிக் கேட்கிறோம். அந்தக் கேள்வி நம்மைத் தின்பதில்லை.

அதே நேரம், "போராட்டத்துக்கு வா, எல்லாம் சரியாகும்" என்று நாமும் சொல்ல வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416, டெலி மானஸ், இலவசம். மருத்துவரிடம் சாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். தோழர் ஒருவர் சில நாளாகக் கூட்டத்துக்கு வரவில்லையா? வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். அதுவும் இயக்க வேலைதான்.