பறக்கும் ரயில் ஸ்டேஷன் யாருக்குச் சொந்தம்?

(தென்சென்னை ஐ.டி. விங் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



திருமயிலை ஸ்டேஷன்ல ஒரு தடவையாவது இறங்கியிருப்பீங்க. மேல ரயில் ஓடுது, கீழ மாடி மாடியா காலி. மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, இந்திரா நகர்லயும் இதே கதைதான். ராத்திரி அந்தப் படிக்கட்டுல தனியா இறங்க நம்ம வீட்டுப் பெண்கள் யோசிக்கிறாங்க.

"அதிகாரிங்க தூங்குறாங்க"ன்னு மீம் போட்டா லைக் வரும், கடை வராது. சிக்கல் எங்கன்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம்.

கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-லும், திருமயிலை வரை 1997-லும் திறந்தாங்க. செலவு ரயில்வேயோடது. அங்கிருந்து வேளச்சேரி வரைக்குமான இரண்டாம் கட்டம் 2007-ல் முடிஞ்சது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தமிழ்நாடு அரசோட பணம். ஓட்டுறது தெற்கு ரயில்வே. பாதை பெரும்பாலும் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியே போகுது. கால்வாயைப் பார்த்துக்கிறது மாநில நீர்வளத் துறை.

"சரி, மால் ஆக்கிடலாமே?" அங்கதான் மூணு முடிச்சு.

1. குத்தகை: ரயில் ஓட்டத் தேவைப்படாத ரயில்வே நிலத்தை வணிகத்துக்குக் கொடுக்கவே, 2005 சட்டத் திருத்தம் மூலமா ரயில் நில மேம்பாட்டு ஆணையம் வந்தது. ஆனா மாநிலமும் பணம் போட்ட கட்டடத்துல வாடகை யாருக்கு எவ்வளவு? அது எழுத்துல தெளிவா இல்லாம எந்த வங்கியும் குத்தகைதாரருக்குக் கடன் தராது.

2. அனுமதி, வரி: 1989 ரயில்வே சட்டத்தோட 11-வது பிரிவு, மற்ற சட்டங்கள் என்ன சொன்னாலும் ரயில்வே பணிகளைச் செய்ய அதிகாரம் தருது. ஸ்டேஷனுக்கு அது சரி, ஜவுளிக்கடைக்குப் பொருந்துமா? சி.எம்.டி.ஏ. கேட்கும். அரசியல் சட்டத்தோட 285-வது பிரிவுப்படி மத்திய அரசு சொத்துக்கு மாநில வரி கிடையாது. உள்ள தனியார் கடை வந்தா, வரி உண்டா இல்லையான்னு வாதம் ஆரம்பிக்கும்.

3. கைமாற்றம்: மெட்ரோவோட இணைக்க 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. சென்னை மெட்ரோ நிறுவனத்துல மத்திய, மாநில அரசுகளுக்குச் சரிபாதி பங்கு. கைமாறும்போது 1989 சட்டத்திலிருந்து 2002 மெட்ரோ சட்டத்துக்கு மாறணும். ரயிலோட நிலமும் மாறுதா, பயன்படுத்துற உரிமை மட்டுமா? விஷயமே இதுதான்.

நிலப் பிரச்சினையைத் தள்ளிப்போட்டா என்ன ஆகும்? வேளச்சேரி–பரங்கிமலை பாதை வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் ஆரம்பிச்ச வேலை, ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டர் நில வழக்கால பல வருஷம் நின்னுச்சு.

சிங்கப்பூரைப் பாருங்க. தஞ்சோங் பகார் ஸ்டேஷனும் தண்டவாள நிலமும் மலேசிய ரயில்வே கையில இருந்தது. 1990-ல் ஒப்பந்தம் போட்டும் இருபது வருஷம் இழுபறி. 2010-ல் மாற்று நிலம் தர்றதா முடிவாச்சு. 2011 ஜூன் 30-ந்தேதி கடைசி ரயில் கிளம்பிச்சு. அதுக்கப்புறம்தான் அந்தப் பாதை மக்கள் நடக்கிற பசுமை வழியாச்சு. முதல்ல உரிமை, பிறகு கட்டுமானம்.

அதனால இனி நம்ம பதிவுல மூணு கேள்வி இருக்கட்டும்:

✅ ஸ்டேஷன் வாரியா நிலப் பட்டியல் எங்கே?
✅ வாடகைப் பங்கு யாருக்கு எவ்வளவு?
✅ கால்வாய்க் கரை யார் பொறுப்பு?

ஆட்சியில யார் இருந்தாலும் இதைக் கேட்போம். பதில் வர்ற வரைக்கும் கேட்போம். படிச்சவங்க பகிருங்க.



#பறக்கும்ரயில் #நிலப்பட்டியல்_எங்கே