நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மணல்வெளி

இன்று சட்டப் பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

பார் கவுன்சிலில் பதிவு செய்ததும் உங்களுக்குக் கறுப்பு அங்கி வந்துவிடும். அந்த அங்கியைத் தீயில் போட்ட ஒருவரைப் பற்றி இன்று பேசப்போகிறேன்.

ம. சிங்காரவேலர், 1860இல் சென்னையில் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். உயர் நீதிமன்ற வழக்கறிஞர். 1921இல், ஒத்துழையாமை இயக்கத்தின்போது, அங்கியை எரித்துவிட்டுத் தொழிலை விட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. மற்றவர்கள் ஈசிசேரில் சாயும் வயதில் அவர் பின்னி ஆலைத் தொழிலாளர்களோடு போய் நின்றார்.

1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தை அவர் சென்னையில் நடத்தினார். இரண்டு கூட்டங்கள். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரையில். உள்ளே போகமாட்டேன் என்றவர், அதன் வாசலுக்கு எதிரிலேயே தொழிலாளிகளைக் கூட்டி உட்காரவைத்தார். 1925இல் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1928இல் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்துக்காகக் கைதானார். பத்தாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் குறைந்து, 1930இல் வெளியே வந்தார். அங்கியை எரித்தவரையும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியது ஒரு மேல்முறையீடுதான். அதனால் அங்கியை எரியுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மணல்வெளியை மறக்காதீர்கள் என்கிறேன்.

நம் மாவட்டத்தில் அந்த மணல்வெளி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கிறது. ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு கேட் முன்னால் நின்று பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். பலருடைய அட்டையில் கம்பெனியின் பெயர் இருக்காது. கான்ட்ராக்டரின் பெயர் இருக்கும். அப்படி ஒருவர், பிரஸ் மெஷினில் விரல் போய், கட்டுப்போட்ட கையோடு என்னிடம் வந்தார். கம்பெனியில் கேட்டால் “எங்கள் ஆள் இல்லை” என்றார்கள். கான்ட்ராக்டரின் போன் அணைந்திருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியானாலும் இ.எஸ்.ஐ. பணம் கட்டும் முதல் பொறுப்பு ஆலை முதலாளிக்கே என்று சட்டம் சொல்கிறது. அதை நீங்கள் தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். அந்த கேட்டில் நின்று அந்தத் தொழிலாளிக்கு எடுத்துச்சொல்லத்தான் ஆள் இல்லை.

எல்லோரும் கட்சிக்குப் போக வேண்டியதில்லை, ஜெயிலுக்கும் போக வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாலு பேர் சேர்ந்து போய், அந்தத் தொழிலாளிகளின் சம்பளச் சீட்டுகளை வாங்கிப் படியுங்கள். பி.எஃப். பிடித்திருக்கிறார்களா, ஓவர்டைம் கணக்கு சரியா என்று பாருங்கள். கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டால் நல்லது.

பதிவு செய்ய உயர் நீதிமன்ற வளாகத்துக்குப் போகும் நாளில் பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். ராஜாஜி சாலையில் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஒரு நிமிடம் நின்று அதன் பெயரைப் படியுங்கள். சிங்காரவேலர் மாளிகை.