எக்ஸ் கதிரும் நாமும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)





நூற்றாண்டு விழாவில் பௌதிகவியல் எதற்கு என்று கேட்கலாம். வரிப்பத்தான்சேனையிலிருந்து அம்பாறைக்கோ கல்முனைக்கோ வைத்தியசாலைக்குப் போகும் நம் பெண்களில் சிலர், "எக்ஸ்ரே எடுக்க வேண்டும்" என்று டொக்டர் சொன்னதும் தயங்குகிறார்கள். கதிர் உடம்பில் தங்கிவிடுமா, பால் குடிக்கும் பிள்ளைக்குப் போய்ச் சேருமா என்று பயம். மறுபக்கம், சாதாரணத் தலைவலிக்கே "ஒரு ஸ்கேன் எழுதித் தாருங்கள்" என்று கேட்போரும் நம்மில் உண்டு. இரண்டுக்கும் விடை ஒரே பாடத்தில் இருக்கிறது.

1895 நவம்பர் 8 இல் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டார். டிசம்பர் 22 இல் தம் மனைவி பேர்த்தாவின் கையைப் படமெடுத்தார். எலும்புகளும் விரல் மோதிரமும் அதில் தெரிந்தன. பௌதிகவியலுக்கான முதல் நோபல் பரிசு 1901 இல் அவருக்கே கிடைத்தது.

கருவி செய்யும் வேலை இதுதான். வெற்றிடக் குழாயில் சூடான இழையொன்று இலத்திரன்களை வெளிவிடும். பல்லாயிரம் வோல்ற்று அவற்றை விரைவாக்கித் தங்ஸ்தன் உலோகத்தில் மோதவைக்கும். அந்தச் சக்தியில் 100 இல் 1 பங்கு அளவே எக்ஸ் கதிராகும், மிகுதி வெப்பமாகிவிடும். 3,400 பாகை செல்சியசுக்கு மேல் உருகும் தங்ஸ்தனைத் தெரிந்தெடுத்தது அதனால்தான்.

எலும்பு ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? தசையில் பெரும்பாலும் இருப்பவை ஐதரசன், காபன், ஒட்சிசன். ஒட்சிசனின் அணுவெண் 8. எலும்பிலுள்ள கல்சியத்தின் அணுவெண் 20. கதிரை உறிஞ்சும் முக்கிய வழியொன்று அணுவெண்ணின் மூன்றாம் அடுக்கோடு ஏறத்தாழக் கூடுகிறது. இரண்டரை மடங்கு அணுவெண், பதினைந்து மடங்கு உறிஞ்சல். ஆகவே எலும்புக்குப் பின்னால் கதிர் குறைவு. நாம் பார்க்கும் படம் ஒரு நிழல்தான்.

நிழலுக்கு ஒரு குறை உண்டு. அடுக்கிய நெல் மூட்டைகளை ஒரு பக்கம் நின்று பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. சுற்றிவந்து பார்க்க வேண்டும். சி.ரி. ஸ்கேன் அப்படித்தான் சுற்றிவந்து பல நிழல்களை எடுக்கிறது. ஆனால் அந்த நிழல்களை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால் படம் மங்கிப்போகும். அந்த மங்கலை நீக்கும் எளிய கணித வழியொன்றை 1971 இல் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் வெளியிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய இராமச்சந்திரன், எக்ஸ் கதிர் கொண்டு கொலாஜன் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்தவர். அவர்கள் இருவரின் பெயரால் அந்த வழியை இன்றும் "ராம்-லக்" வடிகட்டி என்கிறார்கள். அதே 1971 இல் லண்டனில் சி.ரி. கருவியில் முதன்முதலாகப் படமெடுக்கப்பட்ட நோயாளி ஒரு பெண்.

இனி பயத்துக்கு வருவோம். மின்குமிழை அணைத்தால் அறையில் வெளிச்சம் மிஞ்சுவதில்லை. எக்ஸ் கதிரும் அப்படியே; கருவி நின்றதும் உடம்பில் எதுவும் தங்காது. தாய்ப்பாலுக்கும் கேடில்லை. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகில் ஒருவர் பெறும் இயற்கைக் கதிர்ப்பு ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவேட். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் கிடைப்பது 0.1 அல்லது அதிலும் குறைவு. அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இயற்கையே தருமளவு. வயிற்று சி.ரி. ஸ்கேனோ 10 அளவில் வரும்; ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குரியது. தேவையென்றால் அதையும் எடுக்கத்தான் வேண்டும். தேவையில்லாமல் கேட்டு வாங்கக்கூடாது.

"ஸ்கேன்" என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அழைப்பதால் குழப்பம் வருகிறது. கர்ப்பிணித் தாய்க்குச் செய்வது ஒலி அலை ஸ்கேன். அதில் எக்ஸ் கதிர் கிடையாது. எம்.ஆர்.ஐ. காந்தத்தாலும் வானொலி அலையாலும் ஆவது, அதிலும் இல்லை. சி.ரி.யிலும் மார்பகப் படமான மமோகிராமிலும் உண்டு.

ஆகவே சகோதரிகளே, எக்ஸ்ரே அறைக்குப் போகுமுன் மூன்று காரியம் செய்வோம். கர்ப்பம் இருக்கலாம் என்றால் வெட்கப்படாமல் முதலில் சொல்வோம். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோவோம். ஒரு தடவை எடுத்ததை மறுபடி எடுக்க வேண்டி வராது. துணைக்கு ஒரு பெண் பணியாளர் வேண்டுமென்றால் கேட்போம். கூச்சத்தால் திரும்பி வரவேண்டாம். மார்பில் கட்டி தென்பட்ட பெண் கூச்சத்தால் ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அந்த ஆறு மாதத்தின் ஆபத்து ஒரு படத்தின் கதிரைவிட மிகப் பெரியது.

பிள்ளைகளே, உயர்தரத்தில் பௌதிகவியல் கடினம் என்று ஒதுங்க வேண்டாம். கருவிக்கு அருகே நின்று நம் உம்மாமாருக்கு அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லும் கதிர்ப்படவியலாளர்கள் இந்த வகுப்புகளிலிருந்தே வரவேண்டும். அதற்கு வழிகாட்டப் பழைய மாணவியராகிய நாங்கள் இருக்கிறோம்.