வானலையில் ஊரின் குரல்



வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. ஆயினும் அச்சொத்தில் சிற்றூர்களுக்குப் பங்கு கிடைக்கப் பதினோர் ஆண்டுகள் சென்றன. 2002-இல் கல்வி நிலையங்களுக்கு மட்டும் வழங்கப்பட்ட சமுதாய வானொலி உரிமை, 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

அதன் பயனாக 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தில், ஜகீராபாத் அருகே 'சங்கம் ரேடியோ' ஒலிக்கத் தொடங்கியது. அதனை நடத்த முன்வந்தோர் தலித் பெண்கள். விதைச் சேமிப்பும் சிறுதானியச் சாகுபடியும் பெண்ணுரிமையும் அவர்தம் பேச்சுமொழியிலேயே ஒலிபரப்பாயின.

ஒலிபரப்பில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்றது 2006-ஆம் ஆண்டுக் கொள்கை. அதே கொள்கை, செய்திகளையும் நடப்பு நிகழ்ச்சிகளையும் தடை செய்தது. கூலிச் சட்டத்தை விளக்கினால் அது வளர்ச்சித் தகவல். சென்ற வாரம் கூலி மறுக்கப்பட்டதைக் கூறினால் அது செய்தியாகிவிடுமோ என்னும் ஐயம் எழுகிறது. ஏழைக்குத் தேவைப்படுவதோ இரண்டாவதே.

இவ்வெல்லையைத் தெளிவாக வரையறுப்பது அரசின் கடமை. அதுவரை, ஊரார் வினவும் ஐயங்களுக்கு வட்டார அலுவலர்கள் அந்நிலையங்களுக்கே சென்று விடையளிக்கலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.