கூம்பு பறிப்பவர்கள்



டென்மார்க்கிலோ ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ டிசம்பர் மாதம் கிறிஸ்துமஸ் மரம் வாங்கப் போனால், பெரும்பாலும் கைக்கு வருவது நார்ட்மன் ஃபிர் என்ற ஊசியிலை மரம். கரும்பச்சை நிறம், ஊசிகளின் அடிப்பக்கத்தில் வெள்ளிக் கோடுகள், தொட்டால் குத்தாத நுனி. டென்மார்க்கில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி கிறிஸ்துமஸ் மரங்கள் அறுவடையாகின்றன. அவற்றில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குப் போகிறது. ஆனால் நார்ட்மன் ஃபிர் டென்மார்க் மண்ணில் தோன்றிய மரம் அல்ல. அதன் தாயகம் கருங்கடலுக்குக் கிழக்கே இருக்கும் காகசஸ் மலைகளும் அவற்றை ஒட்டிய துருக்கி மலைகளும். பின்லாந்தில் பிறந்து ஒடெசாவில் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் ஃபான் நார்ட்மன் என்ற விலங்கியலாளரின் பெயரை 1838இல் இதற்குச் சூட்டினார்கள்.

ஐரோப்பியப் பண்ணைகள் தேடும் விதைக்குப் பேர்போன இடம் ஜார்ஜியா நாட்டின் ராச்சா மலைப்பகுதியில் உள்ள அம்ப்ரொலௌரி. அங்கே செப்டம்பரில் ஒரு அறுவடை நடக்கிறது. கிறிஸ்துமஸ் மரம் என்ற கலையை மதிப்பிட வேண்டுமானால் அந்த அறுவடையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அலங்காரம் செய்பவரையும் மரம் வளர்ப்பவரையும் நாம் பாராட்டுகிறோம். விதை எடுத்துத் தருபவர் நம் பேச்சில் வருவதே இல்லை.

அவருடைய வேலை ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு மரத்தின் உடலமைப்பே காரணம். ஸ்ப்ரூஸ் மரத்தின் கூம்புகள் கிளையிலிருந்து கீழ்நோக்கித் தொங்கும். விதை உதிர்ந்த பிறகு முழுக் கூம்பாகவே தரையில் விழும். ஃபிர் மரத்தின் கூம்புகள் நிமிர்ந்து நிற்கும்; முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாகப் பிரிந்து, சிறகுள்ள விதைகள் காற்றில் போய்விடும். நடுத்தண்டு மட்டும் கிளையில் மிஞ்சும். கீழே காத்திருந்து பொறுக்க ஒன்றும் இருக்காது. விதை முற்றியும் கூம்பு பிரியாமலும் இருக்கிற சில வாரங்களுக்குள் ஒருவர் மேலே ஏறியாக வேண்டும். அந்தக் கூம்புகளும் எட்டுகிற கிளையில் காய்ப்பதில்லை. உச்சிக்கு அருகில்தான் காய்க்கின்றன. முற்றிய மரங்கள் 30 மீட்டருக்கும் மேல் போகும். 60 மீட்டரை எட்டியவையும் உண்டு.

இத்தனை உயரத்துக்குக் கயிறும் இடுப்புப் பட்டையும் இல்லாமல் ஏறுவதே அங்கே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. உச்சிக்குப் போகப் போகத் தண்டு மெலியும், காற்று ஆட்டும், பிசின் கையில் ஒட்டும். எந்தக் கிளை தாங்கும், எது தாங்காது என்று காலால் அறிந்து ஏறுகிற இந்தத் தேர்ச்சி எந்த வகுப்பிலும் கிடைப்பதல்ல. இப்போது ஃபேர் ட்ரீஸ் என்ற டேனிஷ் நிறுவனம் போன்றவை பறிப்பவர்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் தருகின்றன. இது தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டிய காரியம்.

விதை டென்மார்க் போய்ச் சேர்ந்த பிறகு இன்னொரு திறமை தொடங்குகிறது. நாற்றங்காலில் சில ஆண்டுகள், அதன் பிறகு வயலில் பல ஆண்டுகள். ஆளுயர மரம் ஒன்றுக்கு எப்படிப் பார்த்தாலும் எட்டுப் பத்து ஆண்டு உழைப்பு வேண்டும். உச்சிக் குருத்து ஓர் ஆண்டில் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால் கிளையடுக்குகளுக்கு நடுவே வெற்றிடம் விழுந்து மரம் விலை போகாது. அதனால் பல் வைத்த ஒரு இடுக்கியால் தண்டின் பட்டையில் அளவாகக் காயப்படுத்துகிறார்கள். உச்சிக்குப் போகும் சத்து குறைந்து குருத்து அடக்கமாக வளர்கிறது. காயம் ஆழமானால் உச்சி பட்டுப்போகும், போதாவிட்டால் பயனில்லை. களை எடுக்க ஆடுகளையும் விடுகிறார்கள். எல்லா ஆடும் உதவாது. ஷ்ராப்ஷயர் என்ற ஆங்கிலேய இனம் புல்லை மேயும், ஊசியிலைக் கன்றுகளைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

ஒரு காலத்தில் ஸ்ப்ரூஸ் வைத்திருந்த இடத்தை ஃபிர் பிடித்ததற்குக் காரணம், வெட்டிய பிறகும் ஊசி உதிர்க்காமல் நிற்பதுதான். கதகதப்பான அறையில் ஸ்ப்ரூஸ் சீக்கிரம் ஊசியைக் கொட்டும். நார்ட்மன் வாரக்கணக்கில் தாங்கும். இரண்டையும் பிரித்தறிவது எளிது. ஊசியைக் கிள்ளி எடுத்த இடத்தில் சிறு முளை துருத்திக்கொண்டிருந்தால் ஸ்ப்ரூஸ், வட்டமான தடம் மட்டும் இருந்தால் ஃபிர்.

பசுமை மாறாத மரம் என்கிறோமே, அதுவும் இலை உதிர்க்கும் மரம்தான். ஒவ்வோர் ஊசிக்கும் ஆயுள் சில ஆண்டுகள். எல்லாம் ஒரே பருவத்தில் உதிர்வதில்லை என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடுங்குளிரில் நிலத்து நீர் உறைந்துவிடும்போது வேருக்கு நீர் கிடைப்பது கடினம். அதனால் இருக்கிற ஈரத்தைக் காக்க ஊசியின் மேல் மெழுகுப் பூச்சு. செல்லுக்குள் இருக்கும் நீரில் ஒரு பகுதி வெளியேறி, செல்களுக்கு இடையிலுள்ள வெளியில் உறைகிறது. உள்ளே மிஞ்சிய சாறு கெட்டிப்பட்டு உறையாமல் நிற்கிறது. கோடை குறுகிய நாட்டில் ஆண்டுதோறும் புது இலை செய்ய மரத்துக்குக் கட்டுப்படியாகாது. பழைய இலையைக் காப்பாற்றி வைத்தால் வெயில் வந்த அன்றே உணவு தயாரிக்கத் தொடங்கலாம்.

வட ஐரோப்பியர் பனிக்காலத்தில் இந்த மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததன் பின்னே இன்னொரு கதையும் இருக்கிறது. டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நாள். அன்று நடத்திய ஏதேன் தோட்ட நாடகத்துக்குக் கனி தொங்கும் மரம் வேண்டும். ஆப்பிள் மரமோ அப்போது மொட்டையாக நிற்கும். அதனால் ஃபிர் மரத்தில் ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அல்சாஸ் பகுதியின் செலஸ்தா நகரக் கணக்கேட்டில் 1521ஆம் ஆண்டுக்கான ஒரு குறிப்பு உண்டு: பண்டிகைக்கால மரங்களைக் காவல் காக்க வனக்காவலருக்குக் கூலி கொடுத்திருக்கிறார்கள். திருட்டு அவ்வளவு இருந்திருக்கிறது. கண்ணாடி உருண்டைகள் வந்ததெல்லாம் பிறகு, 19ஆம் நூற்றாண்டில், ஜெர்மனியின் லௌஷா ஊர்க் கண்ணாடித் தொழிலாளர்களின் மூச்சில்.

நம் கடலோர ஊர்களில் இதே தோற்றத்தைச் சவுக்குக் கிளையில் கண்டார்கள். சவுக்கு ஊசியிலை மரமே அல்ல, பூக்கிற மரம். ஊசி போலத் தெரிவது மெல்லிய பச்சைக் குச்சி. உண்மையான இலை அதன் கணுக்களில் செதிலாக ஒட்டியிருக்கிறது. தொட்டியில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அரக்கேரியாக்கள் தென்பசிபிக் தீவுகளிலிருந்து வந்தவை. அவற்றில் குக் பைன் என்ற வகை எங்கே நட்டாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாய்கிறது: வட அரைக்கோளத்தில் தெற்கே, தென் அரைக்கோளத்தில் வடக்கே. 2017இல் வெளியான ஆய்வு ஒன்று சராசரிச் சாய்வு 8 பாகைக்கு மேல் என்று அளந்து சொன்னது.

இனி ஜார்ஜியாவுக்குத் திரும்புகிறேன். உலகுக்கு ஃபிர் விதை தரும் அந்த நாட்டில், குறிப்பாக மேற்கே குரியா, சமெக்ரெலோ பகுதிகளில், வீட்டில் வைப்பது சிச்சிலாக்கி என்ற வேறொரு மரம். ஹேசல் கொட்டைச் செடியின் உலர்ந்த கிளையை எடுத்துக் கூரிய கத்தியால் நெடுக்குவாக்கில் சீவுவார்கள். தச்சர் இழைப்புளி போடும்போது மரம் சுருள் சுருளாக வருவது போல இங்கும் வரும். ஆனால் இங்கே சுருள் அறுந்து விழக்கூடாது. ஒரு முனை கிளையிலேயே நிற்க வேண்டும். நூற்றுக்கணக்கான வெண்சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து, பனி மூடிய ஃபிர் மரத்தின் உருவம் வந்துவிடும். புனித பேசிலின் தாடி என்று அதைச் சொல்வார்கள். சிவப்புப் பழங்களும் இலைக்கொடியும் சூட்டுவார்கள். சோவியத் ஆட்சியில் ஒடுங்கிக் கிடந்த வழக்கம், நாடு விடுதலை பெற்றபின் திபிலிசித் தெருக்களுக்குத் திரும்பிவிட்டது.

பனிக்காலத்தில் மொட்டையாகிவிடும் செடி ஹேசல். அதன் கிளையிலிருந்து பசுமை மாறா மரத்தின் வடிவத்தை வரவழைக்கிறது ஒரு கத்தி. இந்த ஒரு காரணத்துக்காகவே கலை என்ற அளவில் சிச்சிலாக்கியை டேனிஷ் மரத்துக்கு மேலே வைக்கிறேன். டேனிஷ் பண்ணையாளரின் திறமை, தன் சுவடு மரத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. அது உயர்ந்த வேளாண்மை. சீவுபவரின் திறமை ஒவ்வொரு சுருளிலும் வெளிப்படையாக நிற்கிறது. எங்கே கை தயங்கியது, எங்கே துணிந்தது என்று வாங்குபவர் பார்த்தே சொல்லலாம். ஹேசல் வெட்ட வெட்டத் துளிர்க்கும் புதர் என்பதால் காட்டுக்கும் இழப்பில்லை.

ஜார்ஜியாவில் கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஜனவரி 19 திருக்காட்சிப் பெருவிழாவை ஒட்டி, போன ஆண்டின் துன்பமெல்லாம் போகட்டும் என்று சிச்சிலாக்கியைத் தீயில் இடுகிறார்கள். அடுத்த டிசம்பருக்குப் புதிதாக ஒன்றைச் சீவ வேண்டியதுதான். அதற்கு முன்னால் செப்டம்பரில், அதே நாட்டில் ராச்சா மலைக்காரர்கள் மறுபடி உச்சிக்கு ஏறுவார்கள்.